தமிழ்ச் செவியும் ஆங்கிலப் பேச்சும்

ஒரு மொழியைப் படித்துப் புரிந்துகொள்வதும் அதே மொழியில் தடையின்றிப் பேசுவதும் ஒரே அறிவின் இரண்டு பயன்கள் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் மொழியியலும் உளவியலும் கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திரட்டியுள்ள சான்றுகள், அவ்விரண்டும் வெவ்வேறு திறன்களைச் சார்ந்தவை என்றும், ஒன்றில் பெற்ற தேர்ச்சி மற்றொன்றைத் தானாகக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை என்றும் காட்டுகின்றன. இந்த வேறுபாட்டை ஆராய்வதற்குக் கன்னியாகுமரி மாவட்டம் மிகப் பொருத்தமான களமாகும். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்து, 1809-இல் அங்கே பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் சார்லஸ் மீட் 1819-இல் நாகர்கோவிலில் அமைத்த செமினரி, 1893-இல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. இருநூறு ஆண்டுக் கல்வி மரபுடைய இம்மாவட்டம் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட எழுத்தறிவுடன் தமிழகத்தின் முதலிடத்தைப் பெற்றது. அத்தகைய மண்ணிலும், ஆங்கில இலக்கண வினாக்களுக்குப் பிழையின்றி விடை எழுதும் மாணவர் நேர்காணல் அறையில் இரண்டாவது வாக்கியத்தைத் தேடித் தவிப்பது இன்றும் காணக்கூடிய நிலையாகவே உள்ளது.

இத்தவிப்புக்குச் சோம்பலோ அறிவுக்குறையோ காரணம் அன்று. செவி, நாவும் மூச்சும், தாளம், நேரம் என்னும் நான்கு தளங்களில் தமிழும் ஆங்கிலமும் வேறுபட்டு நிற்பதே அதன் அடிப்படை. அவ்வேறுபாடுகள் யாவும் தமிழின் ஒலியமைப்பையும் தொடரமைப்பையும் கொண்டே விளக்கிக்கொள்ளத்தக்கவை. ஆதலால், ஆங்கிலப் பேச்சைத் திருத்திக்கொள்ள விரும்பும் தமிழருக்குத் தாய்மொழியறிவு தடையாவதில்லை; கைவசம் உள்ள முதற் கருவியே அதுதான்.

செவி முதலில் பழகுகிறது

பேச்சுப் பயிற்சி நாவிலிருந்து தொடங்க வேண்டும் என்பது பரவலான எண்ணம்; ஆனால் நா செவியைப் பின்தொடரும் உறுப்பு. கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகள், இந்தியின் பல்லொலியாகிய ‘த’வையும் நாவை வளைத்து ஒலிக்கும் ‘ட’வையும் ஆறு முதல் எட்டு மாத வயதில் வேறுபடுத்திக் கேட்டனர் என்பதும், பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆவதற்குள் அத்திறனைப் பெரும்பாலும் இழந்துவிட்டனர் என்பதும் தெரியவந்தன. ‘பத்து’, ‘பட்டு’ என்னும் இரு சொற்களின் பொருளைப் பிரித்துக் காட்டும் இவ்வேறுபாடு தமிழ்க் குழந்தைக்கு நாள்தோறும் தேவைப்படுவதால் அதன் செவியில் நிலைத்துவிடுகிறது. ஆங்கிலக் குழந்தைக்குத் தேவைப்படாததால் மங்கிவிடுகிறது.

இதே விதி தமிழ்ச் செவிக்கும் பொருந்தும். மேற்பல் கீழிதழைத் தொட உரசி எழும் ஒலியையும், இரண்டு இதழ்களும் குவிய எழும் ஒலியையும் ஆங்கிலம் இரு வேறு எழுத்துகளாக வைத்துப் பொருள் பிரிக்கிறது. தமிழின் ‘வ’ இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதால், மேற்குத் திசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் உள்ளாடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் செவியில் ‘வெஸ்ட்’ என்று ஒன்றாகவே விழுகின்றன. ‘ஸ’கரத்தையும் அதனுடன் குரல்நாண் அதிர்வு சேரும்போது பிறக்கும் ஒலியையும் பிரித்தறிவதிலும் இதே இடர்ப்பாடு உண்டு. கேட்காத வேறுபாட்டை நா உண்டாக்க இயலாது. உண்டாக்கியதைச் சரிபார்க்கவும் செவியால் இயலாது.

மங்கிய செவித்திறனை முதிர்ந்த வயதிலும் மீட்க முடியும் என்பது ஆறுதலான செய்தி. ஆங்கிலத்தின் ‘ர’கர ‘ல’கரங்களைப் பிரித்தறிய இயலாத ஜப்பானியருக்கு லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் 1990-களின் தொடக்கத்தில் அளித்த பயிற்சியில், பல பேச்சாளர்களின் குரல்களில் பதிவான சொல் இணைகளைக் கேட்டுத் தேர்வு செய்வதும், தேர்வு சரியா தவறா என்பதை உடனுக்குடன் அறிவதுமே முறையாக இருந்தது, சில வாரங்களில் அவர்களுடைய கேட்கும் திறன் உயர்ந்தது. 1997-இல் ஆன் பிராட்லோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி சென்று, கேட்கும் பயிற்சி மட்டுமே பெற்றவர்களின் உச்சரிப்பும் உடன் திருந்தியதைக் காட்டியது. ஒரே ஆசிரியரின் ஒரே குரலை மட்டும் கேட்டுப் பழகுவது போதாது என்பதும், பல குரல்களைக் கேட்கும் செவியே ஒலியின் பொதுவடிவத்தைப் பற்றிக்கொள்கிறது என்பதும் இவ்வாய்வுகளிலிருந்து பெறத்தக்க நடைமுறைப் பாடங்கள்.

நாவின் இடம்: அதங்கோடு காட்டும் வழி

தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அந்நூலின் பாயிரம் கூறுகிறது. அந்த அதங்கோடு, விளவங்கோடு வட்டத்தில் இன்றும் அதே பெயருடன் விளங்கும் ஊரே என்று குமரி மாவட்ட அறிஞர் பலர் கருதுகின்றனர். அந்நூலின் பிறப்பியல், ஒவ்வொரு மெய்யும் நாவின் எப்பகுதி அண்ணத்தின் எவ்விடத்தைத் தொடுவதால் பிறக்கிறது என்பதை வகைப்படுத்துகிறது. அங்கே ‘த’, ‘ற’, ‘ட’ மூன்றும் வெவ்வேறு பிறப்புடையவையாகப் பிரித்துச் சொல்லப்படுவதையும் தொடர்புடைய மொழிகளையும் கொண்டு, பண்டைத் தமிழில் றகரம் பல்லுக்கு மேலுள்ள ஈற்றை நாநுனி தொட்டு அடைத்து ஒலிக்கும் வல்லினமாக இருந்தது என மொழியியலார் முடிவு செய்கின்றனர்.

ஆங்கிலத்தின் ‘ட’ போன்ற ஒலி பிறப்பதும் அதே பல்லீற்றில்தான். இன்றைய தமிழகப் பேச்சில் றகரத்தின் அடைப்பொலி பெரும்பாலும் மறைந்துவிட்டதால், தமிழர் அந்த ஆங்கில ஒலியை நாவளை ஒலியாகிய ‘ட’கரத்தால் ஒலிக்கின்றனர், அதனால் ‘டீச்சர்’, ‘டிக்கெட்’ என்பவை ஆங்கிலேயர் செவிக்குச் சற்றுக் கனத்து ஒலிக்கின்றன. பழைய ஒலி முற்றும் அழிந்துவிடவில்லை. மலையாளத்தின் ‘ற்ற’ இன்றும் பல்லீற்று ஒலியே; மீட்டர், லிட்டர் என்னும் சொற்களை மலையாளிகள் அவ்வெழுத்தாலேயே எழுதுகின்றனர். இலங்கைத் தமிழர் கனடா நாட்டு நகரை ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதும் இந்த ஒலி அவர்களிடம் வழக்கொழியாமல் இருப்பதன் விளைவே. மலையாளம் நாள்தோறும் காதில் விழும் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் மாணவருக்கு இவ்வொலி அயலானதன்று. மற்ற தமிழருக்கும் எளிய வழி ஒன்று உண்டு: ‘பொன்’ என்று சொல்லி முடிக்கையில் நாநுனி எங்கே நிற்கிறதோ அங்கேயே காற்றை அடைத்து விடுவித்தால் ஆங்கில ஒலி பிறந்துவிடும்.

மூச்சும் எழுத்தும்

தமிழில் ஒரே எழுத்து, சொல்லின் முதலில் வல்லென்றும், மெல்லினத்தை அடுத்தும் உயிர்களுக்கு நடுவிலும் மெல்லென்றும் ஒலிக்கிறது. ‘பல்’ என்பதில் உள்ள பகரமும் ‘அம்பு’ என்பதில் உள்ள பகரமும் ஒலியால் வேறு, எழுத்தால் ஒன்று. இடையன்குடியில் வாழ்ந்த இராபர்ட் கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இம்மாற்றத்தை ஒரு விதியாகவே வகுத்தார். இரண்டு உயிர்களுக்கு நடுவே வல்லோசை தேவைப்படும்போது தமிழ் அதனை இரட்டிக்கிறது. ஆங்கிலத்தில் ஒற்றை மெய்யுள்ள சொற்கள் ‘பேப்பர்’, ‘பாக்கெட்’, ‘மீட்டர்’ என்று இரட்டித்து வழங்குவதன் காரணம் இதுவே. தமிழுக்குள் முறையான இந்த இரட்டிப்பு ஆங்கிலப் பேச்சுக்குள் செல்லும்போது மெய்யொலி அளவுக்கு மீறி நீண்டுவிடுகிறது.

சொல்லின் முதலில் வேறொரு சிக்கல் எழுகிறது. குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பின்’ என்றே அமையும். இவ்விரண்டையும் ஆங்கிலச் செவி எவ்வாறு பிரிக்கிறது என்பதை, லைஸ்கர், ஏப்ரம்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1964-இல் பதினொரு மொழிகளை அளந்து விளக்கினர். அவற்றுள் தமிழும் ஒன்று. இதழ் திறக்கும் கணத்துக்கும் குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடைப்பட்ட காலத்தைக் குரல் தொடக்க நேரம் என்பர். ஆங்கிலத்தின் வல்லொலியில் இது ஏறத்தாழ 60 மில்லி விநாடி. அந்த இடைவெளியில்தான் மூச்சுக்காற்று வெடித்து வெளியேறுகிறது. தமிழின் பகரத்தில் அது 10 மில்லி விநாடியை ஒட்டியே அமைகிறது, ஆங்கிலத்தின் மெல்லொலியோ சுழியத்தை ஒட்டி நிற்கிறது. ஆகவே தமிழர் குண்டூசி என்ற கருத்தில் சொல்லும் சொல்லை ஆங்கிலேயர் குப்பைத்தொட்டி என்று கேட்பதற்கு இடமுண்டு. வாயருகே மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சொல்லின் முதல் வல்லொலியில் அது அசையுமாறு பழகுவது இதற்குரிய நேரடிப் பயிற்சி. தாளின் அசைவே ஆசிரியராகி விடுகிறது.

அசையும் தாளமும்

ரகரமும் லகரமும் சொல்லின் முதலில் வாரா என்று தமிழ் மரபு விதித்ததால் ராமன் இராமன் ஆனான், லோகம் உலகம் ஆயிற்று. மெய்ம்மயக்கம் முதலில் நிற்கலாகாது என்பதால் ‘ஸ்கூல்’ சிலர் வாயில் ‘இஸ்கூல்’ ஆகிறது. வல்லின மெய்யில் சொல் முடியாது என்பதால் ‘பேங்க்’ ‘பேங்கு’ என்றும் ‘லைட்’ ‘லைட்டு’ என்றும் ஒரு குறுகிய உகரத்தைப் பெறுகின்றன. அரை மாத்திரை அளவுடைய குற்றியலுகரம் என்று இலக்கணம் பெயரிட்ட அதே உயிர்தான் இது. தமிழுக்கு இனிமை தரும் இந்த அரை மாத்திரை ஆங்கிலத்தில் ஒரு முழு அசையாகக் கணக்கிடப்படுவதால், ஓரசைச் சொல் ஈரசைச் சொல்லாகித் தொடரின் தாளம் குலைகிறது.

தாளமே ஆங்கிலப் பேச்சின் உயிர்நிலை. தமிழில் ஒவ்வோர் அசையும் தனக்குரிய மாத்திரையை ஏறக்குறைய முழுமையாகப் பெறுகிறது. ஆங்கிலத்திலோ ஒரு சொல்லில் ஓர் அசை அழுத்தம் பெற்று நீண்டும் ஓங்கியும் ஒலிக்க, அழுத்தமற்ற அசைகள் குறுகி, ‘ஷ்வா’ என்று ஒலியியலார் பெயரிட்டுள்ள நிறமற்ற மங்கிய உயிராகத் தேய்கின்றன. ‘போட்டோகிராஃப்’ என்னும் சொல்லில் முதல் அசையும், ‘போட்டோகிராஃபர்’ என்பதில் இரண்டாம் அசையும், ‘போட்டோகிராஃபிக்’ என்பதில் மூன்றாம் அசையும் அழுத்தம் பெறுவதால், ஒரே வேரிலிருந்து வந்த மூன்று சொற்களும் மூன்று வெவ்வேறு தாளங்களாகக் கேட்கின்றன. ஆன் கட்லர், டெனிஸ் நோரிஸ் ஆகியோர் 1988-இல் விளக்கியவாறு, ஆங்கிலம் கேட்பவர் அழுத்தம் விழும் அசையையே புதிய சொல்லின் தொடக்கமாகக் கொண்டு பேச்சொழுக்கைச் சொற்களாகப் பிரிக்கிறார். அழுத்தம் இடம் மாறினால் அவர் தவறான இடத்தில் சொல்லைத் தேடத் தொடங்குகிறார். ஐதராபாத்தில் அப்போது இருந்த மத்திய ஆங்கில நிறுவனத்தின் ஆர். கே. பன்சால் 1969-இல் வெளியிட்ட ஆய்வும், இந்தியரின் ஆங்கிலம் பிறருக்குப் புரியாமற்போவதற்குச் சொல்லழுத்தப் பிழையை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது.

இதன்வழி பெறப்படும் நடைமுறை தெளிவானது. புதிய சொல்லைக் கற்கும்போது அதன் பொருளோடும் எழுத்துக்கூட்டலோடும் அழுத்தம் விழும் அசையையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்த பேச்சைக் கேட்கையில் அழுத்தம் விழும் இடங்களில் கையால் தட்டிப் பழகி, பின்னர் அப்பேச்சுடன் இணைந்தே, ஒரு நொடி பின்தங்கி, நிழல்போல் தொடர்ந்து சொல்லிப் பார்க்க வேண்டும். குறில் நெடில் வேறுபாட்டைத் தாய்மொழியிலேயே பெற்ற தமிழருக்கு, ‘ஷிப்’ என்னும் கப்பலையும் ‘ஷீப்’ என்னும் ஆட்டையும் கால அளவால் பிரிப்பது எளிது. பிற மொழியினர் பலர் அரிதின் முயன்று பெறும் திறன் இது.

நேரத்துக்கு எதிரான போட்டி

பேச்சு என்பது கடிகாரத்துக்கு உட்பட்ட செயல். பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2009-இல் வெளிவந்தது. ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் தொடங்குவதற்குரிய இடைவெளி சராசரியாக 200 மில்லி விநாடி அளவினது என்று அது காட்டியது. ஆனால் ஒரு படத்தைக் கண்டு அதன் பெயரைச் சொல்வதற்குத் தாய்மொழியிலேயே ஏறத்தாழ 600 மில்லி விநாடி ஆகிறது. ஆகவே எதிரில் உள்ளவர் பேசிக்கொண்டிருக்கும்போதே விடை உள்ளத்தில் உருவாகத் தொடங்கிவிட வேண்டும். நெதர்லாந்தின் உளமொழியியலார் வில்லெம் லெவெல்ட் 1989-இல் அளித்த விளக்கத்தின்படி, பேச்சு மூன்று நிலைகளைக் கடக்கிறது: சொல்லவேண்டிய கருத்து உருவாதல், அதற்குச் சொல்லும் தொடரமைப்பும் அமைதல், வாயுறுப்புகள் அதனை ஒலித்தல். தாய்மொழியில் இரண்டாம் மூன்றாம் நிலைகள் தாமே இயங்குவதால் கவனம் முழுவதும் கருத்தில் நிற்கிறது. கற்கும் மொழியில் மூன்று நிலைகளும் ஒரே கவனத்துக்காகப் போட்டியிடுகின்றன.

தமிழருக்கு இப்போட்டியைக் கடுமையாக்குவது தொடரமைப்பு. ‘நேற்று பேருந்தில் தவறவிட்ட பையைத் தேடுகிறேன்’ என்னும் தொடரில் வினைமுற்று இறுதியில் நிற்கிறது, பையை விளக்கும் எச்சத்தொடர் பைக்கு முன்னர் வருகிறது. ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை உடனே வரவேண்டும், விளக்கம் பைக்குப் பின்னரே வரவேண்டும். தமிழில் எண்ணி மொழிபெயர்ப்பவர் முழுத் தொடரையும் நினைவில் தாங்கி, வாலைத் தலையாக்கித் திருப்பிய பின்னரே வாய் திறக்க முடியும். அதற்குள் உரையாடல் அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுகிறது. இலக்கணம் தெரிந்தவரும் தடுமாறுவதன் உண்மையான காரணம் இதுவே.

இதற்குரிய மருந்தைப் பாலி, சைடர் என்னும் மொழியியலார் 1983-இல் சுட்டிக்காட்டினர்: தாய்மொழியாளர் ஒவ்வொரு வாக்கியத்தையும் விதிகளிலிருந்து புதிதாகக் கட்டுவதில்லை, ஆயிரக்கணக்கான ஆயத்தத் தொடர்த் துண்டுகளை நினைவிலிருந்து எடுத்து இணைக்கின்றனர். தனிச்சொற்களை மனப்பாடம் செய்வதைவிட, வேண்டுதல், மறுத்தல், ஐயம் தெரிவித்தல், காரணம் கூறல் ஆகிய செயல்களுக்குரிய முழுத் துண்டுகளைப் பழகி வைத்தால், வினை எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வியே பேசும்போது எழாது.

வகுப்பறையின் கணக்கு

நாற்பது மாணவர் உள்ள வகுப்பில், ஆசிரியர் ஒரு சொல்லும் பேசாமல் நாற்பது நிமிடத்தையும் மாணவருக்கே பகிர்ந்தளித்தாலும் ஒருவருக்கு ஒரு நிமிடமே கிடைக்கும். வரிசையாக ஒவ்வொருவரும் எழுந்து பேசும் முறையால் பேச்சுத்திறன் வளராது என்பதை இந்த எளிய வகுத்தலே மெய்ப்பிக்கிறது. இருவர் இருவராகப் பிரிந்து ஒரே நேரத்தில் பேசினால் அதே நாற்பது நிமிடத்தில் ஒவ்வொருவரும் இருபது நிமிடம் பேசிவிட முடியும்.

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய பெங்களூர்த் திட்டம், உலகெங்கும் மொழி கற்பித்தலை மாற்றிய முயற்சிகளுள் ஒன்று. முன்கூட்டி வகுத்த இலக்கணப் பாடத்திட்டத்தை அத்திட்டம் ஒதுக்கிவைத்து, வரைபடத்தில் வழி காணுதல், கால அட்டவணையிலிருந்து பொருத்தமான வண்டியைத் தேர்தல் போன்ற சிக்கல்களை ஆங்கிலத்திலேயே தீர்க்கச் செய்தது. பொருளில் மனம் ஈடுபடும்போதே மொழியின் வடிவம் உள்ளத்தில் படிகிறது என்பது பிரபுவின் கொள்கை. நாகர்கோவில் வடசேரி நிலையத்திலிருந்து திருவனந்தபுரத்தில் பத்து மணிக்கு நடக்கும் நேர்காணலுக்கு எந்தப் பேருந்தில் சென்றால் உரிய நேரத்தில் சேரலாம் என்பதை இருவர் கலந்து முடிவுசெய்யும் பயிற்சி, இலக்கண விதியொன்றை நூறு முறை எழுதுவதைவிடப் பேச்சுக்கு நெருக்கமானது.

கேட்போரை மாற்றி மாற்றிப் பயில்வதற்கு ஏற்ற மற்றொரு முறை, கீத் மாரிஸ் 1983-இல் வகுத்த நான்கு, மூன்று, இரண்டு என்னும் முறை. ஒரே பொருளை முதலில் ஒருவருக்கு நான்கு நிமிடமும், அடுத்தவருக்கு மூன்று நிமிடமும், மூன்றாமவருக்கு இரண்டு நிமிடமும் சொல்ல வேண்டும். கருத்து முதல் முறையிலேயே அமைந்துவிடுவதால், அடுத்த முறைகளில் கவனம் சொல்லுக்கும் தொடருக்கும் விடுபடுகிறது. நியூசிலாந்தின் பால் நேஷன் 1989-இல் இம்முறையை ஆராய்ந்து, பேச்சின் வேகம் கூடி, தயக்கங்கள் குறைவதைக் கண்டார்.

எந்த ஆங்கிலம்?

தமிழ்ச் சாயலை முற்றும் அழிப்பது இப்பயிற்சிகளின் நோக்கம் அன்று. கனடாவின் மன்ரோ, டெர்விங் ஆகியோர் 1995-இல் மெய்ப்பித்தவாறு, அயற்சாயல் மிகுந்த பேச்சும் முழுமையாகப் புரியக்கூடியதாக இருக்கலாம். சாயலும் புரிதலும் வெவ்வேறு அளவைகள். தாய்மொழி வேறான இருவர் ஆங்கிலத்தில் உரையாடும் சூழல்களை ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் முன்வைத்த பட்டியலில், சொல் முதல் வல்லொலியின் மூச்சும், உயிரின் குறில் நெடில் அளவும், சொல்முதல் மெய்ம்மயக்கமும், தொடரில் முதன்மைச் சொல்லின் அழுத்தமும் இன்றியமையாதவையாக இடம்பெற்றன; பற்களுக்கிடையே நா நுழைய உரசி எழும் ஆங்கில ஒலி இன்றியமையாததாகக் கொள்ளப்படவில்லை. பயில்வோர் தம் உழைப்பை எங்கே செலவிட வேண்டும், எங்கே மிச்சப்படுத்தலாம் என்பதற்கு இது நல்ல வழிகாட்டி. வெளிநாட்டுப் பணிக்காகச் செவிலியர் எழுதும் ஓஇடி என்னும் தொழில்சார் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியிலும் நோயாளியுடன் உரையாடும் இரண்டு நடிப்புச் சூழல்களே தரப்படுகின்றன. மொழித்திறனோடு, நோயாளியின் கவலையை உணர்ந்து மறுமொழி தரும் திறனும் அங்கே அளவிடப்படுகிறது.

எஞ்சி நிற்பது அச்சம். எலைன் ஹார்விட்ஸ் குழுவினர் 1986-இல் விளக்கிய மொழி வகுப்பு அச்சம், பேச்சுக்குத் தேவையான கவனத்தையே உண்டுவிடுகிறது; பிழையை எதிர்பார்த்து நிற்கும் உள்ளத்தில் தொடர் அமைக்க இடமிருப்பதில்லை. இவ்வச்சத்துக்குரிய மறுமொழி குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லைச் சந்தைகளிலேயே கிடைக்கிறது. குழித்துறையிலும் களியக்காவிளையிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பலர், இலக்கண நூல் ஒன்றையும் திறவாமல், மலையாளத்தில் விலை பேசவும் நலம் விசாரிக்கவும் கற்றுள்ளனர். பல குரல்களைக் கேட்டனர், முழுத் துண்டுகளாக எடுத்துக்கொண்டனர், எதிரில் உள்ளவர் பிழையைப் பாராமல் பொருளையே பார்த்ததால் கூச்சமின்றித் திரும்பத் திரும்பப் பேசினர். ஆய்வாளர்கள் நெடுங்காலம் முயன்று கண்ட வழியும் இதுவே. அச்சந்தையின் செவியையும் துணிவையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்துவிட்டால், இருநூறு ஆண்டுகளாக இம்மண்ணின் ஏடுகளில் தங்கியிருக்கும் ஆங்கிலம் நாவுக்கு வந்துசேரும்.